பெண்பிள்ளைக்கும் கணினிப் பாடம் வேண்டும்
(பெற்றோர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



ஒன்பதாந் தரத்தை முடிக்கும் உங்கள் புதல்வியர் இன்னுஞ் சில நாட்களிற் பாடத் தெரிவுப் படிவத்தை உங்கள் கையிற் கொடுப்பார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குரிய ஒன்பது பாடங்களில் ஆறு கட்டாயமானவை. எஞ்சிய மூன்றைத் தொகுதிக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும். மூன்றாந் தொகுதியிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும் மனைப்பொருளியலும் ஒருங்கே நிற்கின்றன. ஒன்றை எடுத்தால் மற்றையது இல்லை.

மனைப்பொருளியலை நாம் இழித்துரைக்க வரவில்லை. அது ஆண்பிள்ளைக்கும் வேண்டிய கல்வியே. ஆனால், "பெண்பிள்ளைக்கு எதற்குக் கணினி?" என்று சொல்லி, அவளை ஒரு வார்த்தை கேளாமலே அடையாளமிடுகின்றோமே, அதனையே ஆட்சேபிக்கின்றோம். ஒரு தரப்பை விசாரியாது அளிக்கப்படுந் தீர்ப்பு எந்த நீதிமன்றத்தில் நிலைக்கும்?

கணினி ஆண்களின் துறை என்பாரிடம் சான்று உண்டா? சார்ள்ஸ் பபேஜ் திட்டமிட்டும் கட்டி முடிக்காத கணிப்பு இயந்திரத்துக்குச் செயன்முறை வகுத்து 1843ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அடா லவ்லேஸ் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. 1946இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற கணினி உலகுக்குக் காட்டப்பட்டபோது, அதற்கு நிரல் அமைத்துக் கொடுத்தோர் ஆறு பெண்கள். வெற்றி விருந்துக்கு அவர்களை அழைத்தாரில்லை! மனிதர் எழுதுங் கட்டளையை இயந்திரம் அறியும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பியை 1952இல் ஆக்கியவர் கிறேஸ் ஹொப்பர்.

அந்த அமெரிக்காவிலேயே பின்னர் நடந்தது என்ன? 1984 அளவில் கணினி விஞ்ஞானப் பட்டம் பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 37 பேர் பெண்கள். பிறகு அத்தொகை இருபதுக்குங் கீழே இறங்கியது. பெண்களின் மூளை சுருங்கிவிட்டதா? வீடுகளுக்குக் கணினி வந்த காலம் அது. காரணங்கள் பல கூறப்படினும், ஆராய்ந்தோர் சுட்டியவற்றுள் ஒன்று நம்மைச் சுடுகிறது: பெற்றோர் அதனைப் பெரும்பாலும் மகனுடைய அறையிலே வைத்தார்கள். பல்கலைக்கழகத்தின் முதல் நாளிலே அவன் பழகியவன், அவள் புதியவள். பழக்கக் குறைவைத் திறமைக் குறைவென்று மற்றவர்கள் நம்பினர், அவளும் நம்பினாள். கார்னகி மெலன் பல்கலைக்கழகம் இதனை ஆராய்ந்து, அனுமதி முறையையும் தொடக்க வகுப்புகளையுந் திருத்தியது. 1995இல் அங்கே கணினி விஞ்ஞானத்திற் சேர்ந்தோருள் நூற்றுக்கு 7 பேரே பெண்கள். 2000இல் 42 பேர். ஐந்து வருடத்திற் பெண்களின் இயற்கை மாறியிராது அன்றோ!

மறைப்பானேன்? நமது வீட்டிலும் கணினி மகனுடைய மேசையிலேதான் இருந்தது. மகள் தமையனிடம் அனுமதி கேட்டே அதனைத் தொட்டாள். மேடைதோறும் சமத்துவம் பேசிய நமக்கு இது கண்ணிற்பட இரண்டு வருடஞ் சென்றது. இப்பொழுது அது விறாந்தையில் இருக்கிறது.

வீட்டிற் கணினி இல்லாதோரும் இங்கே பலர் இருப்பீர்கள். இருட்டில் முடியுந் தனியார் வகுப்புக்குப் பெண்பிள்ளையை எவ்வாறு அனுப்புவது என்று தாய்மார் கேட்பதும் நியாயமே. அவர்களுக்குப் பாடசாலையின் கணினி அறையே கதி. ஆதலால், அவ்வறையைப் பாடசாலை விட்டபின் மேலும் ஒரு மணி நேரந் திறந்து வைக்குமாறும், ஆசிரியர் இல்லாத இடத்துக்கு ஆசிரியரை நியமிக்குமாறும் வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு மனு வரைந்திருக்கின்றோம். அது வாசல் மேசையிலே கிடக்கிறது. வாசித்துப் பார்த்து, சம்மதமானால் கையொப்பமிட்டுச் செல்லுங்கள். மாணவியரும் இடலாம், அவர்களுக்கென்று தனித்தாள் வைத்திருக்கின்றோம்.