நிதியளித்தோர் பூட்டிய அறிக்கை

பொதுப் பணத்தில் ஆராயும் அறிஞர் தம் தரவுகளைப் பகிர வேண்டுமென நிதியளிப்போர் வற்புறுத்துகின்றனர். நன்றே. நிதியளித்தவரே பூட்டி வைத்தால்?

பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை அளித்தது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதனை வெளியிடவில்லை. 2012 மார்ச்சில் அதே மத்திய அரசு தரவுப் பகிர்வுக் கொள்கையை அறிவித்தது! ஏப்ரலில் தகவல் ஆணையம் ஆணையிட்டும், அமைச்சகம் தில்லி உயர்நீதிமன்றம் ஏறிற்று. மே மாதம் அங்குத் தோற்ற பின்னரே அறிக்கை வெளிவந்தது.

அரிய செடி நிற்குமிடத்தைத் திருடருக்கு அஞ்சி மறைப்பது தகும். குடியிருப்போர்க்கு அவர்தம் மலையின் நிலையை மறைப்பது எவ்வகை அறம்? இடையே வதந்தி முந்திக்கொண்டது. 2013 நவம்பரில் இடுக்கி கொந்தளித்தது.

வெளிவந்ததும் ஆங்கிலத்தில். உடும்பன்சோலை ஏலத்தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளி அதனை எங்ஙனம் படிப்பார்?