மைலன் ஊர்ப் பிள்ளைகள்



அமெரிக்காவின் இண்டியானா ராஜ்யத்தில், ஆயிரத்துச் சொச்சம் ஜனங்கள் வாழ்ந்த மைலன் என்னும் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளி, 161 மாணாக்கரையே உடையதாயிருந்தும், 1954-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் தேதி ராஜ்யத்தின் கூடைப்பந்துப் பட்டத்தை வென்றதைப் பலரும் அற்புதம் என்றே வர்ணித்து வருகிறார்கள். சினிமாக்காரரும் அதைக் கதையாக்கிவிட்டார்கள். அற்புதம் என்ற அந்தச் சொல்லில் எனக்குச் சம்மதமில்லை.

முந்திய ஆண்டிலேயே அப்பிள்ளைகள் அரையிறுதி வரை சென்று திரும்பியவர்கள். அவர்களுக்கு வாய்த்த பயிற்சியாளர் மார்வின் வுட் இருபத்தாறே வயதினர். பட்லர் பல்கலைக்கழகத்தில் டோனி ஹிங்க்கிளிடம் பயின்று, ஓட்டத்தைவிட நிதானமே பலம் என்று உணர்ந்தவர். பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பேதமின்றி எழுநூறுக்கு மேற்பட்ட பள்ளிகள் ஒரே போட்டியில் இறங்கிய காலம் அது. அந்த நியாயமான ஏற்பாடு 1997-உடன் முடிந்துபோயிற்று.

இறுதி ஆட்டத்தில் எதிரி மன்சி சென்ட்ரல் என்ற பெரும் பள்ளி. பாதியாட்டத்தில் 23-17 என முந்தியிருந்த மைலன், மூன்றாம் பகுதி முடிவில் 26-26 எனச் சமநிலைக்கு இறங்கி, பின்பு இரண்டு புள்ளி பின்தங்கியும்விட்டது. அப்போது பாபி பிளம்ப் என்ற பையன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கு நிமிஷத்திற்கு மேல் எறியாமலே நின்றான்! தோற்றுக்கொண்டிருப்பவனே காலத்தைக் கடத்துவதா என்று காண்போர் திகைத்திருக்க வேண்டும். ஆனால் பொங்கி வந்த எதிரியின் வேகத்தைத் தணிக்க அதனினும் சிறந்த உபாயம் எனக்குப் புலப்படவில்லை. இத்தனை விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி அந்நாளில் பள்ளி ஆட்டத்தில் இல்லை. பிளம்ப் பிறகு எறிந்த பந்து தவறியது. ஆயினும் ரே கிராஃப்ட் சமன் செய்ய, பிளம்பே இரண்டு புள்ளி சேர்க்க, மன்சியும் விடாமல் 30-30 ஆக்கிற்று. கடைசி 18 விநாடியில் மற்ற நால்வரும் ஒதுங்கி வழிவிட, மூன்றே விநாடி எஞ்சியிருக்கையில் பிளம்ப் எம்பி எறிந்த பந்து கூடையில் விழுந்தது. 32-30.

மறுநாள் அந்தச் சிற்றூரில் கூடியவர் நாற்பதினாயிரம் என்று மதிப்பிட்டார்கள்.

இத்துடன் நிறுத்திவிடுவதே வழக்கம். எனக்கு அது போதவில்லை. அரையிறுதிக்கு முந்திய கட்டத்தில் மைலன் 65-52 என வென்றது, இண்டியானாபொலிஸ் நகரத்துக் கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளியான கிரிஸ்பஸ் அட்டக்ஸை; பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஆஸ்கர் ராபர்ட்சன் அதில் அப்போது இளம் மாணாக்கர். அந்தப் பள்ளி 1955-இலும் 1956-இலும் அதே பட்டத்தை வென்றது. ஆனால் 1955-இல் அதன் வெற்றி ஊர்வலம், மைலன் பிள்ளைகள் முந்திய ஆண்டு கோலாகலமாக வலம் வந்த நகரின் நடுச் சதுக்கத்தில் ஒரு சுற்றோடு சரி. மிச்சக் கொண்டாட்டத்தை உங்கள் பக்கத்துப் பூங்காவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிவிட்டார்கள். மைலன் கதையைச் சுவைபடச் சொல்பவர்கள் இந்தக் கதையையும் உடன் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.