நிலவுக்கு ஒரு வரிக் கணக்கு



இந்தப் பட்டமளிப்பு விழா நடக்கும் கெடாருக்கு விழுப்புரம் பக்கத்து ஊர். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வே ஊழியரின் மகன். ஊர் ரயில்வே பள்ளி, பிறகு பாலிடெக்னிக் டிப்ளமோ, அதற்குப் பின்பே பொறியியல், சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம். இதெல்லாம் பேனரில் வந்துவிட்டது. வராதது, கணக்கு.

லேண்டர் இறங்கத் தொடங்கியது சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 1.68 கிலோமீட்டர் வேகத்தில். செய்தியில் எல்லோரும் கேட்ட எண்தான். அது ஏன் 1.68? பி.எஸ்சி. முதலாண்டு மாணவரே கண்டுபிடித்துவிடலாம். நிலவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62, ஆரம் 1,737 கிலோமீட்டர். தரையை ஒட்டிச் சுற்றும் பொருளுக்கு அந்த ஈர்ப்பே மையநோக்கு முடுக்கம். ஆரத்துக்கு முன்னால் 30 கிலோமீட்டர் அற்பம், தள்ளிவிடலாம். ஆரத்தை மீட்டராக்கி 1.62-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், வினாடிக்கு 1,677 மீட்டர். ஃபார்முலா தெரிந்தவர்கள் ஏராளம். முப்பதைத் தள்ளலாம் என்று துணிபவர்கள்தான் குறைவு.

தேர்வுக்கு வாங்கிப் படிக்கும் கைடு அந்தத் துணிச்சலைத் தருவதில்லை. தள்ள வேண்டியதை அதுவே தள்ளி, படமும் வரைந்து, விடையின் கீழே இரட்டைக்கோடும் போட்டுவிடுகிறது. மார்க் கிடைக்கிறது, அரியர் வைத்தவருக்கு அதன் அருமை தெரியும், பழிக்க ஒன்றுமில்லை. ஆனால் அச்சிட்ட விடையைப் பார்த்துத் தலையாட்டுவது வேறு, வெற்றுத்தாளோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவது வேறு.

அப்படி மல்லுக்கட்டிய ஒரு மாணவரின் கதை இது. 1928-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். அவருடைய அணு நூலைத் தானாகவே படித்துக் கரைத்திருந்த மாணவர் ஒருவர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே போய் நின்றார். படித்ததெல்லாம் பழசாகிவிட்டது என்றார் சோமர்ஃபெல்ட். அந்த இளவயதுக்கு அது பேரிடி. கூடவே, உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றி அப்போது அச்சேறாதிருந்த தம் கட்டுரையின் மெய்ப்புப் படிகளையும் கொடுத்தார். மாணவர் அதைப் படித்ததோடு நிற்கவில்லை. அதிலிருந்த புதிய புள்ளியியலை யாரும் கொடுக்காத ஒரு கணக்கில், காம்ப்டன் சிதறலில், போட்டுப் பார்த்தார். அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டி இதழில் அது வெளிவந்தது. 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது, அதே புள்ளியியலை வெண்குறு விண்மீன்களுக்குப் போட்டார். சுப்ரமணியன் சந்திரசேகருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது அந்த வழியில்தான்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு, மறுபடி நிலவிலிருந்தே. சந்திரயான்-2 லேண்டர் 2019-இல் மோதி நொறுங்கியது. அடுத்த லேண்டரின் கால்களை, வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரை தொட்டாலும் தாங்கும்படி வலுவாக்கினார்கள். பூமியில் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் அந்த வேகம் வரும்? நிலவில் எவ்வளவு? ஊர் திரும்பும் பேருந்திலேயே போட்டுவிடலாம். விடை கேட்டு யாரும் மேடைக்கு வர வேண்டாம்.