மழை குறுக்கிட்ட ஆட்டம்

கண்டி மாநகரை மலைகள் சூழ்ந்து நிற்கின்றன. மகாவலி கங்கை வளைந்து வந்து அணைத்துச் செல்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த இந்நகருக்கு மழை புதிய விருந்தாளி அன்று. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றும் மேகங்களை ஏந்தி வருகின்றன. இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலோ, காலையில் வெயில் காய்ந்தாலும் பிற்பகலில் இடி முழங்கி மழை கொட்டுவது வழக்கம். உழவருக்கும் தோட்டத் தொழிலுக்கும் அருளாக வரும் இம்மழை, விளையாட்டு மைதானத்தில் இறங்கும்போது மட்டும் ஒரு வழக்கையும் உடன் கொண்டு வருகிறது. பாதியில் நின்ற ஆட்டத்தில் வென்றவர் யார் என்பதே அவ்வழக்கு.

இவ்வழக்கு அடிக்கடி எழும் இடங்களுள் ஒன்று, கண்டி நகருக்குக் கிழக்கே குண்டசாலையை அடுத்துள்ள பல்லேகலை மைதானமாகும். முன்பு கண்டியின் டெஸ்ட் ஆட்டங்கள் திரித்துவக் கல்லூரிக்குரிய அஸ்கிரிய மைதானத்தில் நடைபெற்றன. 1983 முதல் 2007 வரை அங்கு விளங்கிய அப்பெருமை, பின்னர் பல்லேகலைக்கு வந்தது. 2010ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மேற்கிந்தியத் தீவுகள் அணியுடன் அங்கு நடந்த முதல் டெஸ்ட் ஆட்டத்தையே மழை ஆட்கொண்டது. ஐந்து நாட்கள் கழிந்தும், முதலில் துடுப்பெடுத்தாடிய அணியின் முதல் இன்னிங்ஸ்கூட நிறைவுறவில்லை. புதுமனை புகும் நாளிலேயே மழை தன் உரிமையை நிலைநாட்டிவிட்டது எனலாம்.

2023ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டியின்போது, இரண்டே நாள் இடைவெளியில் இதே மைதானம் இருவேறு தீர்ப்புகளைக் கண்டது. முதலாவது, செப்டெம்பர் 2ஆம் நாள் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய ஆட்டம். இந்திய அணி 66 ஓட்டங்களுக்குள் நான்கு விக்கெட்டுகளை இழந்து தவித்தது. ரோகித் சர்மாவையும் விராட் கோலியையும் வீழ்த்திய ஷாகீன் அப்ரிடியின் பந்துகள் ஆட்டத்தைத் தம்பக்கம் இழுத்துவிட்டன என்று பலரும் கருதினர். அந்நிலையில் இஷான் கிஷனும் ஹார்திக் பாண்டியாவும் கைகோத்து 138 ஓட்டங்களைச் சேர்த்தனர். முன்னவர் 82, பின்னவர் 87. 48.5 ஓவர்களில் இந்தியா 266 ஓட்டங்களுடன் ஆட்டத்தை முடித்தது. அரங்கில் இருந்தோரும் உலகெங்கும் காத்திருந்தோரும் இரண்டாம் பாதியை எதிர்நோக்கினர். வந்தது மழையே. பாகிஸ்தான் ஒரு பந்தையேனும் எதிர்கொள்ளவில்லை. ஆட்டம் முடிவற்றது என்று அறிவிக்கப்பட்டு, இரு அணிகளும் ஆளுக்கொரு புள்ளியைப் பங்கிட்டுக்கொண்டன.

இரண்டாவது, செப்டெம்பர் 4ஆம் நாள் இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் நடந்த ஆட்டம். கிரிக்கெட் உலகில் இளைய நாடாகிய நேபாளம், 48.2 ஓவர்களில் 230 ஓட்டங்களைப் பெற்றது. ஆசிப் ஷேக் 58 ஓட்டங்களும் சோம்பால் காமி 48 ஓட்டங்களும் எடுத்தனர். இந்தியா துடுப்பெடுத்தாடத் தொடங்கிச் சில பந்துகளே கழிந்த நிலையில் மழை பெய்தது. மீண்டும் ஆட்டம் தொடங்கியபோது 23 ஓவர்களில் 145 ஓட்டங்கள் என்ற புதிய இலக்கு வகுக்கப்பட்டது. ரோகித் சர்மா 74 ஓட்டங்களும் சுப்மன் கில் 67 ஓட்டங்களும் பெற்று ஆட்டமிழக்காமல் நிற்க, இந்தியா ஒரு விக்கெட்டையும் இழக்காமல் வென்றது.

அதே மைதானம், அதே மழை. ஒரு நாள் தீர்ப்பு இல்லை. மறு நாள் தீர்ப்பு உண்டு. இதன் காரணத்தை ஆராய்வோர்க்கு, விளையாட்டின் நீதி எவ்வாறு இயங்குகிறது என்பது விளங்கும்.

கடல் கடந்து ஓர் உதாரணத்தை முதலில் நோக்குவோம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டேடோனா என்னுமிடத்தில், 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரும் மோட்டார்ப் பந்தயப் பாதை ஒன்று உண்டு. சுற்றளவு இரண்டரை மைல். வளைவுகளில் தரை 31 பாகை சாய்ந்து சுவர்போல் எழுந்து நிற்கும். அங்கு ஓடும் கார்களின் சக்கரங்களில் நீரை விலக்கும் வரிப்பள்ளங்கள் கிடையா, அவை வழுவழுப்பானவை. ஆகையால் பாதை நனைந்தால் பந்தயம் நின்றுவிடும். மொத்தம் 200 சுற்றுகள் ஓடவேண்டிய அங்குள்ள பெரும் பந்தயம், 2003ஆம் ஆண்டு 109 சுற்றுகளுடன் மழையால் முடிவுற்றது. மைக்கேல் வால்ட்ரிப் வென்றவரானார். 2009ஆம் ஆண்டு 152 சுற்றுகளுடன் நின்றது. மழைத் தடைக்குச் சற்று முன்னர் எலியட் சாட்லரைக் கடந்து முதலிடம் பெற்ற மாட் கென்செத் வெற்றியாளரானார். அங்குள்ள விதி எளியது: பாதித் தூரம் கடந்துவிட்டால் பந்தயம் செல்லும், நின்ற கணத்தில் முன்னின்றவரே வென்றவர்.

மோட்டார்ப் பந்தயத்தில் எல்லோரும் ஒரே வேளையில் ஓடுகின்றனர். எனவே அவ்விதி அங்கு பொருந்தும். கிரிக்கெட்டிலோ ஒருவர் ஆடி முடித்த பின்னரே மற்றவர் ஆடத் தொடங்குகிறார். இடையில் நின்றால் முன்னிற்பவர் யாரென்று கண்ணால் கண்டு சொல்ல இயலாது. ஆகவே இங்கு நீதிக்குத் துலாக்கோல் ஒன்று தேவைப்பட்டது.

முற்காலத்தில் ஓவருக்கு இத்தனை ஓட்டம் என்ற சராசரியைக்கொண்டு கணக்கிட்டனர். அதன் குறையை உணர, நேபாளத்தின் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். 50 ஓவர்களுக்கு 230 ஓட்டங்கள் என்றால், ஓவருக்கு 4.6. அக்கணக்கில் 23 ஓவர்களுக்கு ஏறத்தாழ 106 ஓட்டங்களே வரும். ஆனால் 50 ஓவர்களுக்கு எனத் தரப்பட்ட பத்து விக்கெட்டுகளையும் 23 ஓவர்களில் செலவிட உரிமை பெற்ற அணி, துணிந்து அடித்தாடுமன்றோ? அந்த மிகுதியான வசதிக்கு விலை வைக்காவிடில், முதலில் ஆடியவருக்கு அநீதி நேரும். புதிய முறை அவ்விலையை வைத்தது. இலக்கு 145 ஆக உயர்ந்தது. வலிய அணியே வென்றது என்பது மெய். ஆயினும் இளைய அணி உழைத்துச் சேர்த்த ஓட்டங்களின் மதிப்பை மழை கரைத்துவிடாமல் அவ்விதி காத்தது.

இம்முறையை வகுத்தவர்கள் இங்கிலாந்தின் புள்ளிவிவர அறிஞர்களான பிராங் டக்வேர்த், டோனி லூயிஸ் ஆகிய இருவர். எஞ்சிய ஓவர்கள், எஞ்சிய விக்கெட்டுகள் ஆகிய இரண்டையும் ஓர் அணியின் கையிருப்பாகக் கொண்டு, மழை அக்கையிருப்பில் எவ்வளவைப் பறித்தது என்று அளப்பதே அதன் சாரம். 1997ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், ஹராரே நகரில் சிம்பாப்வேயும் இங்கிலாந்தும் ஆடிய ஆட்டத்தில் அது முதன்முதலாகக் கையாளப்பட்டது. பின்னர் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்டேர்ண் அதனைச் செப்பனிட, அவர் பெயரும் அதனுடன் இணைந்தது.

அதற்கு முன் இருந்த விதி எத்தகைய கொடுமையை விளைக்கும் என்பதை 1992ஆம் ஆண்டு சிட்னி நகரில் உலகம் கண்டது. உலகக் கிண்ண அரையிறுதியில் தென் ஆபிரிக்காவுக்கு 13 பந்துகளில் 22 ஓட்டங்கள் தேவைப்பட்டன. சிறிது நேர மழைக்குப் பின் அவ்வணி மீண்டு வந்தபோது, ஒரே ஒரு பந்தில் 21 ஓட்டங்கள் எடுக்குமாறு விதி பணித்தது. வென்றவரும் மகிழ இயலாத வெற்றி அது.

விதி நல்லதாயிருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்குச் சான்று 2003ஆம் ஆண்டு டர்பன் நகரில் கிடைத்தது. இலங்கையின் 268 ஓட்டங்களைத் துரத்திய தென் ஆபிரிக்கா, மழைக்கு முந்திய கடைசி ஓவரை ஆடிக்கொண்டிருந்தது. பந்து வீசியவர் கண்டி ஈன்ற முத்தையா முரளிதரன். ஐந்தாம் பந்தை மார்க் பவுச்சர் ஆறு ஓட்டங்களுக்கு அடித்தார். இனி வெற்றி தமதே என எண்ணி, ஆறாம் பந்தைத் தடுத்து நிறுத்தினார். மழையால் ஆட்டம் நின்றது. ஆனால் அவர்கள் பெற்றிருந்த 229 ஓட்டங்கள் சமநிலைக்குரியனவே. வெற்றிக்கு இன்னும் ஓர் ஓட்டம் வேண்டியிருந்தது. கணக்குத் தாளைப் பிழையாகப் படித்ததன் விலையாக, போட்டியை நடத்திய நாடே போட்டியிலிருந்து வெளியேறியது. அங்கே பிழைத்தது விதியன்று; விதியை அறிந்திராமையே.

இனி, பல்லேகலையின் முதல் ஆட்டத்துக்குத் திரும்புவோம். இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய அந்நாளில் துலாக்கோல் எங்கே போயிற்று? ஒருநாள் ஆட்டத்தில் இரண்டாம் அணி குறைந்தது 20 ஓவர்களேனும் ஆட வாய்ப்புப் பெற்றாலன்றி முடிவு கூறலாகாது என்பது விதி. போதிய சான்று இல்லாதபோது நல்ல நீதிபதி தீர்ப்புக் கூறமாட்டார். தவறான தீர்ப்பினும் தீர்ப்பின்மை மேல் என்று ஒதுங்கி நிற்பார். கிஷனும் பாண்டியாவும் பட்ட பாடு வெற்றியாகக் கனியவில்லை என்ற ஏக்கம் இருக்கலாம். எனினும் எதிரணியின் கதையைக் கேளாமலே தீர்ப்பளிப்பது அதனினும் பெரிய குறையன்றோ?

இவ்விதியின் கசப்பை இலங்கையும் சுவைத்ததுண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள், இதே பல்லேகலையில், இருபது ஓவர் ஆட்டமொன்றில் இலங்கை 161 ஓட்டங்களைப் பெற்றது. மழையின் பின் இந்தியாவுக்கு வைக்கப்பட்ட இலக்கு எட்டு ஓவர்களில் 78. ஒன்பது பந்துகள் எஞ்சியிருக்க இந்தியா அதனை எட்டியது. சொந்த மண்ணில் தோற்றவர்க்கு அது வருத்தமே. ஆனால் விதி முன்கூட்டியே எழுதப்பட்டது. இருவருக்கும் ஒன்றாகவே இருந்தது.

இத்தனை கணக்குகளுக்கும் புறம்பாக, மழையோடு நேருக்கு நேர் போராடுவோர் சிலர் உளர். மேகம் திரண்டதும் ஓடிவந்து, பாரமான படங்குகளைத் தோளில் இழுத்து மைதானம் முழுவதையும் மூடி, மழை விட்டதும் தேங்கிய நீரை வெளியேற்றும் மைதானப் பணியாளர்களே அவர்கள். அவர்கள் காப்பாற்றித் தரும் ஒவ்வொரு நிமிடமும், கணக்குத் தாளிலிருந்து ஆட்டக்காரரின் கைக்குத் திரும்பி வரும் நிமிடமாகும். 2023ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தின் இறுதியில், கண்டியிலும் கொழும்பிலும் உழைத்த இப்பணியாளர்களுக்கு 50,000 அமெரிக்க டொலர் பரிசாக அறிவிக்கப்பட்டது. அது தகுதியுடையார்க்குச் சென்ற தகுந்த பரிசு.

மழைக்குக் கட்சி இல்லை. வலியவன், எளியவன் என்று பார்த்து அது பெய்வதில்லை. அதனை விலக்க மனிதனால் இயலாது. ஆட்டத்துக்கு முன்னரே நியாயமான விதியை வகுத்துக்கொள்ளவும், அதனைப் பிழையின்றி அறிந்திருக்கவும், தீர்ப்புக் கூற இயலாதபோது கூறாதிருக்கவும் அவனால் இயலும். பல்லேகலையின் ஈரப் புற்றரையில் 2023ஆம் ஆண்டு அவ்விரு நாட்களும் விட்டுச் சென்ற பாடம் இதுவே.