கடல்கட்டியும் கயிறும்

(காயல்பட்டினத்தில் பேசிய பேச்சின் சுருக்கம்)



பயத்தை விடுவது எப்படி என்பது பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். கடல் கடந்து வியாபாரம் செய்து பழகிய காயல்பட்டினத்தாருக்குத் தைரியம் சொல்ல உள்நாட்டான் ஒருவன் வர வேண்டுமா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் உங்கள் கரையின் கதையைத்தான் உங்களுக்கே சொல்லப் போகிறோம்.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ என்ற வெனிஸ் நகரத்தார் இந்தக் கரைக்கு வந்தார். ஏடன், ஹோர்முஸ் முதலிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் வரும் 'காயல்' துறைமுகத்தைப் பற்றி எழுதினார். அது பழையகாயல் என்பது கால்டுவெல்லின் முடிவு. எப்படியானாலும் உங்கள் பக்கத்துச் சங்கதிதான். அவரே இன்னொன்றும் எழுதுகிறார். கடலில் போகிறவனை இந்நாட்டார் ஜாமீனாக ஏற்க மாட்டார்களாம். உயிரை வெறுத்தவன்தான் கடலில் போவான் என்பது அவர்கள் எண்ணமாம். துறைமுகத்தின் செல்வமோ கடலில் வந்தது. கடலில் போனவனுக்கோ மதிப்பில்லை!

நிற்க. முத்துக்குளிப்பைப் பற்றியும் அவர் சொல்லியிருக்கிறார். சுறாவைக் கட்டுவதற்கென்று பிராமணர்கள் மந்திரம் சொல்வார்களாம். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. மந்திரத்திற்கு இருபதில் ஒரு பங்கு. இரவானால் கட்டை அவிழ்த்து விடுவார்களாம். ஏன்? இரவில் எவனும் திருட்டுத்தனமாக முத்தெடுக்கக் கூடாதல்லவா? பகலில் பயத்தைப் போக்கக் கூலி. இரவில் அதே பயமே காவல்காரன்! இதைவிட லாபமான வியாபாரம் உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த உத்தியோகம் அத்தோடு ஒழியவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னென்ட், அங்கும் 'கடல்கட்டி' இருந்ததைச் சொல்கிறார். அப்போது அந்தப் பரம்பரையின் தலைவர் கத்தோலிக்கராம். மந்திரக்காரரின் மதம் மாறியது சுறாவுக்குத் தெரியவில்லை போலும்! ஆங்கிலேயர் வந்தது முதல் சுறாவால் நேர்ந்ததாக உறுதிப்பட்ட விபத்து ஒன்றுக்கு மேல் இல்லை என்றும் அவரே எழுதுகிறார். அத்தனை படகுகளின் இரைச்சலிலும் ஆட்களின் சந்தடியிலும் சுறா விலகிப் போவதே இயல்பு என்பது அவர் கருத்து.

அப்படியானால் குளிகாரனை மேலே கொண்டு வந்தது எது? படகில் ஒருவன் கண் இமைக்காமல் பிடித்திருந்த கயிறு. மூச்சடக்கிப் பழகிய பழக்கம். அவன் நெஞ்சிலும் பயம் இருந்துதான் இருக்கும். இருந்தும் இறங்கினான். முத்து எடுத்தவன் அவன். பங்கு வாங்கியவன் கரையில் இருந்தவன்.

தோழர்களே! பயப்படுவது வெட்கமல்ல. முதன்முதல் மேடையேறிய அன்று நமக்கும் கால் நடுங்கியது. பத்தாவது மேடையில்தான் நடுக்கம் நின்றது. பயத்தைப் பிறரிடம் ஒப்படைத்து, அதற்குக் கூலியும் கொடுப்பதுதான் வெட்கம். பெண்ணை மேற்படிப்புக்கு அனுப்பலாமா, பிள்ளை புதுத்தொழில் தொடங்கலாமா என்றால், உடனே ஜோசியம், சகுனம், தாயத்து! இவையெல்லாம் இன்றைய கடல்கட்டிகள் அல்லவா?

கண்ணை மூடிக்கொண்டு குதியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆழத்தை விசாரியுங்கள், மூச்சைப் பழக்குங்கள், நம்பிக்கையுள்ள ஒருவரிடம் கயிற்றைக் கொடுங்கள், பிறகு இறங்குங்கள். உங்கள் மகள் இறங்கும்போது கயிற்றைப் பிடிக்கும் கை உங்கள் கையாக இருக்கட்டும்.