செவிலியைத் தேடும் வீட்டார்க்கு



பழந்தமிழ் அகப்பாடல்களிலே தலைவியைப் பேணி வளர்ப்பவள் செவிலித்தாய். அவளுடைய மகளே தலைவிக்குத் தோழியாவாள் என்று தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. பிறர் பிள்ளையை வளர்க்கும் பெண்ணை நம் முன்னோர் தாய் என்றே அழைத்தனர். அவள் பெற்ற பிள்ளைக்கும் இலக்கியத்தில் ஓர் இடம் அளித்தனர். இன்று நாம் அவளை ஆயா என்கின்றோம். பெயர் மாறியதிலே குற்றமில்லை. பெயரோடு மதிப்பும் மாறிற்றோ என்பதே என் கவலை.

அரச சேவையிலுள்ள தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் மகப்பேற்று விடுமுறை உண்டு. அது முடிந்ததும் குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது என்னும் கேள்வி வீட்டு வாசலில் வந்து நிற்கும். பாட்டியார் ஒருவர் வீட்டில் இருந்தால் கவலையில்லை. அவர் ஊரிலோ கடல் கடந்தோ இருப்பாராயின், ஆயா ஒருத்தியைத் தேடுவதைத் தவிர வேறு வழியில்லை.

1999ஆம் ஆண்டிலே, கொழும்பில் இளம் ஆசிரியையாக இருந்த எனக்கும் இந்நிலை நேர்ந்தது. தரகர் ஒருவர் மலைநாட்டிலிருந்து ஒரு சிறுமியை அழைத்து வந்தார். வயது பதின்மூன்று. "கெட்டிக்காரப் பிள்ளை, குறைந்த சம்பளம் போதும்" என்றார். நானும் சம்மதித்தேன். ஒருநாள் மாலை, என் மகன் உறங்கிக்கொண்டிருக்க, நான் திருத்துவதற்காகக் கொண்டுவந்த அப்பியாசக் கொப்பிகளுள் ஒன்றை விரித்து, விரலை வைத்து அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு மூடினாள். "ஏழோட நின்னுட்டேன் டீச்சர்" என்றாள். நான் அப்பொழுது கற்பித்துக்கொண்டிருந்ததும் ஏழாம் வகுப்பே. மறுவாரம் அவளை அழைத்துச் சென்று பெற்றோரிடம் ஒப்படைத்தேன். அவள் மீண்டும் பாடசாலைக்குச் சென்றாளோ, வேறொரு வீட்டுக்கு அனுப்பப்பட்டாளோ, அறியேன். அறியாத அக்கேள்வி இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

ஆகவே நான் கூறும் முதல் விதி இதுதான்: பிள்ளையைப் பார்க்க ஒரு பிள்ளையை வைக்காதீர்கள். நம் நாட்டிலே கட்டாயக் கல்விக்குரிய வயது 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்துவதற்கான மிகக் குறைந்த வயதும் 2021இல் 16 ஆக்கப்பட்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், தாமே குழந்தையாயிருப்பவர் என்ன செய்வார்? அயலிலே இத்தகைய சிறுவர் வேலை செய்வதைக் கண்டால், 1929 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அறிவிப்பது நம் கடமை.

இனி, தக்க ஒருவரைத் தெரிவு செய்யும் முறையைப் பார்ப்போம். தேடுமுன் கணவனும் மனைவியும் அமர்ந்து, எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்று எழுதிக்கொள்ளுங்கள். சமையல், துணி துவைத்தல், வீடு கூட்டுதல் யாவற்றையும் ஒருத்தியின் தலையிலே சுமத்திவிட்டு, குழந்தை கவனிப்பாரற்று அழுகின்றதே என்று குறைகூறுதல் நியாயமன்று.

வருபவருடைய தேசிய அடையாள அட்டையையும் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றையும் பாருங்கள். முன்பு அவர் வேலை செய்த வீட்டாருடன் நேரிலே பேசுங்கள். "நல்லவரா?" என்று கேட்டால், "நல்லவர்" என்றே விடை வரும். "ஏன் விலகினார்? உங்கள் பிள்ளை அவரை இன்றும் தேடுகின்றதா?" என்று கேளுங்கள். உண்மை தானே வெளிவரும்.

அவரிடமும் சில வினாக்களைத் தொடுங்கள். குழந்தை ஒரு மணி நேரம் ஓயாது அழுதால் என்ன செய்வீர்கள்? பசியா, ஈரமா, காய்ச்சலா என்று பார்ப்பேன். ஒன்றும் முடியாவிட்டால் பத்திரமான இடத்திலே கிடத்திவிட்டு உங்களை அழைப்பேன் என்பவர் தக்கவர். கோபத்திலே கைக்குழந்தையைப் பிடித்துக் குலுக்கினால் மூளையில் இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதனை முதல் நாளே எடுத்துச் சொல்லுங்கள். கைக்குழந்தையை மல்லாத்தியே உறங்க வைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையோடு அவரைச் சிறிது நேரம் விட்டுப் பாருங்கள். அச்சிறுமிக்குப் பின் எங்கள் வீட்டுக்கு வந்தவர் நாற்பது வயது கடந்த ஒரு விதவைத் தாய். வந்தவுடன் அவர் என் மகனைத் தூக்க முயலவில்லை. நிலத்தில் அமர்ந்து, தகர மூடி ஒன்றை உருட்டி விட்டார். சற்று நேரத்திலே பிள்ளை தானாகவே தவழ்ந்து அவர் மடியில் ஏறினான். அவர் எங்களுடன் எட்டு ஆண்டுகள் இருந்தார். முதல் இரு வாரங்களேனும் வீட்டார் ஒருவர் உடனிருந்து பழக்குதல் நலம்.

கிடைத்தவரைக் காத்துக்கொள்வது தேடுவதினும் அரிது. 1951இல் ஜோன் போல்பி என்னும் ஆங்கில உளமருத்துவர் உலக சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கையிலே, தாயுடனோ தாயின் இடத்தில் நிலையாக நிற்கும் ஒருவருடனோ அன்பும் தொடர்ச்சியுமுள்ள உறவு குழந்தைக்கு வேண்டும் என வற்புறுத்தினார். மூன்று மாதத்துக்கொருவர் வந்து போகும் வீட்டிலே அவ்வுறவு எங்ஙனம் வேர்கொள்ளும்? ஆகையால் சம்பளம், வேலை நேரம், வார ஓய்வு, பண்டிகை விடுமுறை ஆகியவற்றை எழுத்திலே வரைந்து, இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். குறித்த நாளில் சம்பளத்தைக் கொடுங்கள். நீங்கள் உண்ணும் உணவையே அவருக்கும் கொடுங்கள். பிள்ளை அதனையும் பார்த்துக்கொண்டுதான் வளர்கின்றது.

நேயர்களே, என் பாடசாலையிலே பெற்றோர் கூட்டம் நடைபெறும் நாட்களில் சில ஆசனங்கள் எப்பொழுதும் வெறுமையாகவே இருக்கும். விசாரித்தால், "அம்மா ஒரு வீட்டிலே பிள்ளை பார்க்கிறா, லீவு இல்லையாம்" என்று மாணவன் தலை குனிவான். நம் குழந்தைக்கு முதன்முதல் நிலாவைக் காட்டுபவர், தம் குழந்தையின் தேர்ச்சி அறிக்கையைக் காணாதவராயிருக்கலாம். அந்த அரை நாள் விடுமுறையை நாமே கேளாமற் கொடுப்போமாயின், அவர் மறுநாள் மனநிறைவோடு திரும்பி வருவார். சிறந்த ஆயாவைத் தேடும் வீடு, சிறந்த ஆயா விரும்பித் தங்கும் வீடாகவும் இருக்க வேண்டும்.