பூட்டை உடைக்கும் சத்தம்



கனிந்த வாழைப்பழத்தை வீட்டில் திறந்து வைத்தால், சிவந்த கண்ணோடு பொடிப்பொடியாய் ஈக்கள் வந்து மொய்க்கும். அவை பழ ஈக்கள். அந்த ஈ பூஞ்சையோடு நடத்தும் சண்டையைத்தான் இன்று கேட்கப் போகிறீர்கள்.

நோய்க்கிருமிகள் பெரும்பாலும் தீனியோடு பூச்சியின் வயிற்றுக்குள் போகும். பூஞ்சை அப்படியல்ல. அதன் வித்து பூச்சியின் மேல் ஒட்டும், முளைவிடும், நொதிகளைக் கக்கி மேல்தோலைக் கரைக்கும், துளைத்துக்கொண்டு இரத்தத்தில் இறங்கும். இப்படிச் செத்த பட்டுப்புழு சுண்ணாம்புக் கட்டிபோல் வெளுத்து விறைத்துக் கிடக்கும். அதற்குக் காரணம் ஒரு பூஞ்சை என்று 1835-இல் இத்தாலியின் அகோஸ்தினோ பாசி காட்டினார். நம் உழவர்கள் பூச்சிகளை ஒழிக்கத் தெளிக்கும் பவேரியா பேசியானா, அவர் பெயரைத் தாங்கிய அதே பூஞ்சைதான்.

நமக்கு இருப்பதுபோல் எதிர்ப்புரதங்கள் ஈக்குக் கிடையாது. ஆனால் அதன் இரத்தத்தில் இரண்டு காவல்காரர்கள் உண்டு.

முதல் காவல்காரன் ஆளைப் பார்ப்பவன். பூஞ்சையின் சுவரில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியைக் கண்டால் உஷாராகிவிடுவான். ஆனால் திருடனும் லேசுப்பட்டவனல்ல. மெட்டாரைசியம் என்ற பூஞ்சை, இரத்தத்தில் இறங்கியதும் அந்தச் சுவரின்மேல் ஒரு புரதப் போர்வையைப் போர்த்திக்கொள்ளும்.

அங்கேதான் இரண்டாவது காவல்காரனுக்கு வேலை. பெயர் பெர்செபனி. இவன் ஆளைப் பார்ப்பதில்லை. தோலைக் கரைக்கப் பூஞ்சை கக்கிய நொதி இவனையும் வெட்டும், வெட்டுப்பட்டதும் விழித்துக்கொள்வான். முகத்தை மூடலாம், பூட்டை உடைக்காமல் உள்ளே வர முடியுமா?

இருவரும் அடிப்பது ஒரே மணியை. அதன் பெயர் டோல். மணி ஒலித்ததும், ஈயின் கல்லீரல் என்று சொல்லத்தக்க கொழுப்புத் திசு, டிரோசோமைசின் என்ற பூஞ்சைக்கொல்லிப் புரதத்தை இரத்தத்தில் கொட்டும்.

மணி இல்லாவிட்டால்? 1996-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஜூல்ஸ் ஹாப்மன் குழுவினர், டோல் பழுதான ஈக்களுக்குப் பூஞ்சையைத் தொற்றவைத்தார்கள். ஈக்கள் செத்தன. அப்போது எடுத்த படத்தில், செத்த ஈயின் உடம்பிலிருந்து பூஞ்சை இழைகள் மயிர் முளைத்ததுபோல் நீண்டு நிற்கின்றன. ஹாப்மனுக்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மணியின் இனத்தைச் சேர்ந்த ஏற்பிகள் நம் உடம்பிலும் 10 இருக்கின்றன. நம்முடையவை கிருமியையே நேரில் தொட்டுப் பார்க்கும். ஈயின் டோல், காவல்காரர்கள் சொல்லித்தான் ஒலிக்கும்.